மோட்டார்ஹோம் ஹீட்டரின் ட்ரெயின் வால்வு: அலுமினியத் தொட்டியில் பித்தளை ஏன் கூடாது

மோட்டார்ஹோம் வைத்திருக்கும் நம்மூர் நண்பர்கள் நடுவில், இலையுதிர் காலம் வந்தால் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "ஹீட்டர் அடியில இருக்கற ட்ரெயின் பிளக் ஒழுகுது. அந்த பிளாஸ்டிக் சமாச்சாரத்தைக் கழற்றிப் போட்டுட்டு, நல்லதா ஒரு பித்தளை வால்வு மாட்டிடலாமா?"

சுருக்கமான பதில்: உங்கள் தொட்டி அலுமினியம் என்றால் வேண்டாம். நீண்ட பதில்தான் இந்தக் கட்டுரை. நான் மெக்கானிக் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ஒரு பொருளைக் கழற்றினால் அது ஏன் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் திரும்ப மாட்ட மனசு வராது. அந்தப் பழக்கத்தில் சேர்த்த குறிப்புகள் இவை.

நாங்கள் இருப்பது மிச்சிகனில். செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டி. முந்தைய உரிமையாளர் ஹீட்டரில் இருந்த பிளாஸ்டிக் பிளக்கை எடுத்துவிட்டு, கைப்பிடி வைத்த சின்னப் பித்தளை வால்வு ஒன்றை மாட்டியிருந்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. குனிந்து ரின்ச் போடாமல் கைப்பிடியைத் திருப்பினால் தண்ணீர் வடியும். வாங்கும்போது அதை ஒரு வசதியாகவே சொன்னார்கள். இரண்டாவது இலையுதிர் காலத்தில் அதன் கீழே ஈரம் தெரிய ஆரம்பித்தது.

முதலில் ஹீட்டரைப் பற்றி

மோட்டார்ஹோம் ஹீட்டர் என்பது வண்டியின் பக்கச் சுவரில், வெளியிலிருந்து திறக்கும் ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் படுத்திருக்கும் தொட்டி. அமெரிக்க வண்டிகளில் வழக்கமான அளவு 6 காலன், அதாவது சுமார் 23 லிட்டர். பெரிய வண்டிகளில் 10 காலன். புரொப்பேன் கேஸில் எரியும், பல மாடல்களில் 120 வோல்ட் மின்சார எலிமென்ட்டும் கூட இருக்கும். தண்ணீரை 55-லிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை சுட வைக்கும். மேலே ஒரு சேஃப்டி வால்வு. அழுத்தம் 150 பிஎஸ்ஐ தாண்டினாலோ வெப்பம் 99 டிகிரியைத் தொட்டாலோ அது திறந்துவிடும். கீழே ஒரு ட்ரெயின் துளை.

தொட்டி இரண்டு ஜாதி. ஒன்று, உள்ளே கண்ணாடி போன்ற எனாமல் பூசிய இரும்புத் தொட்டி. இதில் ட்ரெயின் துளை முக்கால் அங்குலம். அதில் திருகியிருப்பது நீளமான மெக்னீசியம் குச்சி, அனோடு ராடு என்பார்கள். அந்தக் குச்சியின் தலைதான் ட்ரெயின் பிளக். இன்னொன்று அலுமினியத் தொட்டி. இதில் துளை அரை அங்குலம், அடைப்பது ஒரு நைலான் பிளக். எங்கள் வண்டியில் இருப்பது இரண்டாவது வகை.

கடையில் அந்த நைலான் பிளக் சில டாலருக்குக் கிடைக்கும். ஹீட்டரையே மாற்றினால் பல நூறு டாலர். இவ்வளவு விலையுள்ள ஒரு தொட்டிக்கு இத்தனை மலிவான மூடியா என்று யாருக்கும் தோன்றும். "கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடிச்சிருக்கான்" என்று முடிவு கட்டி பித்தளை வாங்கப் போகிறவர்கள் அதனால்தான் அதிகம்.

குளிர்காலத்துக்கு முன்னால் ஏன் வடிக்க வேண்டும்

தண்ணீர் உறையும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். 23 லிட்டர் தண்ணீர் உறைந்தால் இன்னும் 2 லிட்டருக்கு இடம் கேட்கும். மூடிய தொட்டியில் அந்த இடம் கிடையாது. தொட்டி பிளக்கும், அல்லது குழாய் இணைப்பு விடும். வெளியே பனி கிடக்கும் வரை பனிக்கட்டியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். ஏப்ரலில் பம்பைப் போட்ட பிறகுதான் வண்டியின் தரைக்குள் தண்ணீர் போவது தெரியும். தரை பலகையும் ஒட்டுப் பலகையுமாக இருப்பதால், ஊறினால் அது வேறு செலவு.

குளிர்காலத்துக்கு மூடும்போது குழாய்களில் இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸ் ஓட்டுவார்கள். ஹீட்டர் தொட்டியில் அதை நிரப்பினால் ஆறு காலனாவது வீண். அதனால் தொட்டியை பைபாஸ் செய்துவிட்டு, காலியாக வடித்து விட்டுவிடுவதுதான் முறை. ஆக, அந்தத் துளை வருடத்துக்கு ஒரு முறையாவது திறக்க வேண்டும், மறுபடியும் ஒழுகாமல் மூட வேண்டும். இரண்டில் எது நடக்காவிட்டாலும் தொட்டிக்கு ஆபத்து. துளைக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் தங்கும். அது பரவாயில்லை, அதற்கு விரிய இடம் இருக்கிறது.

உண்மையில் ஒழுகுவது எது?

ட்ரெயின் வால்வில் ஈரம் இருந்தால் ஒழுகுவது அதுதான் என்று முடிவு செய்யக் கூடாது. மேலே இருக்கும் சேஃப்டி வால்வில் சொட்டினாலும் தொட்டி முகத்தில் வழிந்து வந்து இந்த வால்வின் நுனியில்தான் சொட்டும்.

சேஃப்டி வால்வு சொட்டுவதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. 10 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 1.7 சதவீதம் விரியும். 23 லிட்டருக்கு அது கிட்டத்தட்ட 400 மில்லி, இரண்டு டம்ளர். வீட்டு ஹீட்டரில் இதற்கென்று தனியாக ஒரு சின்ன டேங்க் வைப்பார்கள். மோட்டார்ஹோமில் தொட்டியின் உச்சியில் தங்கும் காற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. நாளாக ஆக அந்தக் காற்று தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். அப்போது விரிகிற தண்ணீர் சேஃப்டி வால்வைத் தள்ளிக்கொண்டு சொட்டும். வால்வில் கோளாறே இல்லை. ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, தண்ணீர் வரத்தையும் நிறுத்தி, சேஃப்டி வால்வைத் திறந்து தண்ணீர் நிற்கும் வரை விட்டு மூடினால் காற்று திரும்ப வந்துவிடும்.

எது என்று கண்டுபிடிக்க நான் செய்தது இதுதான். எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தினேன். சேஃப்டி வால்வின் கீழே ஒரு டிஷ்யூ, ட்ரெயின் வால்வைச் சுற்றி ஒன்று, வால்வின் வாயில் ஒன்று. ஹீட்டரைப் போடாமல் பம்பை மட்டும் போட்டு ஒரு மணி நேரம் விட்டேன். வால்வின் வாய் உலர்ந்திருந்தது, மேலே இருந்ததும் உலர்ந்திருந்தது. வால்வு தொட்டிக்குள் திருகும் இடத்தைச் சுற்றியிருந்த டிஷ்யூ மட்டும் நனைந்தது. அப்படின்னா வால்வுக்குள் கோளாறு இல்லை, மரையில்தான் கசிவு.

வாய் நனைந்திருந்தால் கதை வேறு. தொட்டியின் அடியில் சேரும் உப்புத் துகள் ஒன்று வால்வுக்குள் சிக்கி, முழுதாக மூட விடாமல் செய்திருக்கும். சின்ன வால்வுகளுக்கு இது வழக்கமான நோய். இதுவும் அந்த "வசதி"யின் விலைதான். அரை அங்குலத் துளை முழுதாகத் திறந்தால் துகள் எல்லாம் வெளியே வந்துவிடும். வால்வின் குறுகலான வாயில் வராது.

கழற்றியபோது

வால்வு லேசில் வரவில்லை. ஆறு பட்டை சாக்கெட் போட்டு, முதலில் ஒரு நூல் இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி, இப்படி முன்னும் பின்னுமாக எடுத்தேன். நேராக ஒரே மூச்சில் திருப்பினால் மெதுவான உலோகத்தின் மரை பிய்ந்து வரும். இங்கே மெதுவானது தொட்டி.

பித்தளை மரை கொஞ்சம் கறுத்திருந்தது, மற்றபடி புதுசு மாதிரி. அதன் இடுக்கெல்லாம் வெள்ளை மாவு. உப்புத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு கெட்டியாகக் கல் மாதிரி இருக்கும். இது களி மாதிரி, விரலில் ஒட்டியது, காய்ந்ததும் மாவானது. இது அலுமினியம் அரித்து உண்டான ஹைட்ராக்சைடு. டார்ச் அடித்துத் தொட்டியின் துளையைப் பார்த்தால், வெளிப்பக்கம் முதல் இரண்டு சுற்று மரை தேய்ந்து, குழி விழுந்திருந்தது. உள்ளே போகப் போக நன்றாக இருந்தது. தொட்டியின் மற்ற இடங்களில், எட்டிப் பார்த்தவரை, அரிப்பே இல்லை.

இரண்டு விஷயம் யோசிக்க வைத்தது. பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அலுமினியம் மட்டும் ஏன் கரைந்தது? 23 லிட்டர் தொட்டியில், சரியாக மரையை மட்டும் பார்த்து ஏன் அரித்தது?

1761-இல் ஒரு கப்பல்

இந்தக் கேள்விக்கு முதல் பதில் ஒரு போர்க்கப்பலில் கிடைத்தது. 18-ஆம் நூற்றாண்டில் மரக் கப்பல்களின் அடியைக் கடற்புழு துளைத்துக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடிப்பாகத்தைச் செம்புத் தகடால் மூடி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. 1763-இல் திரும்பப் பரிசோதித்தார்கள். செம்பு இருந்த இடத்தில் புழு அரிக்கவில்லை. ஆனால் தகடுகள் பல இடங்களில் கழன்று போயிருந்தன. தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துக் கூழாகியிருந்தன.

எல்லா ஆணிகளும் இல்லை என்பதுதான் சுவாரசியம். சில ஆணிகள் நன்றாகவே இருந்தன. செம்புத் தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் சில இடங்களில் முழுதாகக் கிழிக்கப்படாமல், ஆணிக்கும் செம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதம் இருந்த இடத்தில் இரும்பு பிழைத்தது. கடல் நீரில் இரும்பும் செம்பும் நேரடியாகத் தொடக் கூடாது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

கால்வனியின் தவளைக்கால் ஆய்வு வெளியானது 1791-இல். வோல்டாவின் மின்கலம் 1800-இல். காரணம் தெரியாமலே, காகிதத்தை வைத்துச் சரியான முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

காரணத்தை வைத்து வேலை செய்தவர் ஹம்ப்ரி டேவி. 1824-இல் அவர் கடற்படைக்காக இதைத் திருப்பிப் போட்டார். செம்புத் தகடு கரைவதைத் தடுக்க, அதனுடன் சின்னத் துத்தநாகத் துண்டோ இரும்புத் துண்டோ இணைத்தார். துத்தநாகம் தான் கரைந்து செம்பைக் காப்பாற்றியது. ஆனால் செம்பு கரைவது நின்றதும், அதுவரை அந்த விஷத்துக்குப் பயந்து ஒதுங்கியிருந்த சிப்பிகள் கப்பலில் வந்து ஒட்டிக்கொண்டன. கப்பல் வேகம் குறைந்தது. கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் இரும்புத் தொட்டி ஹீட்டரில் இருக்கும் மெக்னீசியம் குச்சி அந்தத் துத்தநாகத் துண்டின் நேர் வாரிசு.

விஷயம் இதுதான். எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் ஆசை ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு அளவு. பாடப்புத்தகத்து எண்கள்: மெக்னீசியம் −2.37 வோல்ட், அலுமினியம் −1.66, துத்தநாகம் −0.76, இரும்பு −0.44, செம்பு +0.34. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு, இரண்டையும் ஒரே தண்ணீர் நனைத்தால் அது ஒரு பேட்டரி. எண் கீழே இருப்பது கரையும், மேலே இருப்பது பிழைக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது, நடத்தையில் செம்புப் பக்கம். அலுமினியத்தின் மேல் உள்ள ஆக்சைடு படலம் அதன் வேகத்தைக் குறைக்கும், ஆனால் யார் கரைவது என்ற வரிசை மாறாது. "சரி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடட்டுமா?" என்றால் அதுவும் அலுமினியத்துக்கு மேலேதான் இருக்கிறது. அதே கதை.

இந்தப் பேட்டரி நடக்க இரண்டு பாதை வேண்டும்: உலோகம் வழியாக எலக்ட்ரான் போக ஒன்று, தண்ணீர் வழியாக அயனி போக ஒன்று. ஒன்றை வெட்டினால் போதும். 1763-இல் காகிதம் வெட்டியது. என் ஹீட்டரில் அதைச் செய்ய வேண்டியது நைலான் பிளக். தொட்டிக்குள் வேறு உலோகமே நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

ஒரு டம்ளர் சோதனை

மரையில் மட்டும் ஏன் அரித்தது என்பதற்குச் சமையலறையிலேயே விடை கிடைத்தது. ஒரு கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீர். ஒரு பக்கம் அலுமினியத் துண்டு, மறுபக்கம் கழற்றிய பித்தளை வால்வு. மல்டிமீட்டரை வைத்தால் அரை வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். இரண்டையும் நெருங்க வைத்தால் கூடும், விலக்கினால் குறையும். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டேன். வோல்ட்டேஜ் பெரிதாக மாறவில்லை, மின்னோட்டம் பல மடங்கு தாவியது. உப்பு போட்ட பிறகு தூரம் அவ்வளவாகப் பொருட்டாக இல்லை.

நல்ல தண்ணீர் மின்சாரத்தை மோசமாகக் கடத்தும். அதனால் பித்தளையால் தொட்டியின் தூரத்து மூலையை அரிக்க முடியாது. கை எட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் அரிக்கும். அதாவது, தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரையை. தொட்டி முழுவதும் சமமாகத் தேய்ந்திருந்தால் இருபது வருடம் தாங்கியிருக்கும். எங்கே தண்ணீரை அடைக்க வேண்டுமோ சரியாக அங்கேயே கரைவதுதான் சிக்கல்.

எவ்வளவு வேகம்? ஃபாரடே விதிப்படி 1 மில்லி ஆம்பியர் ஒரு வருடம் ஓடினால் சுமார் 3 கிராம் அலுமினியம் கரையும். அதில் பத்தில் ஒரு பங்கு, 100 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தால் 0.3 கிராம். அரை அங்குல என்.பி.டி. மரையில் அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு சுற்றின் முக்கோணக் குறுக்கு வெட்டையும் சுற்றளவையும் பெருக்கிப் பார்த்தால், ஒரு சுற்றில் இருக்கும் அலுமினியம் 0.2 கிராம் சொச்சம். ஆக, மீட்டரில் பார்ப்பதற்கே சிரமமான ஒரு மின்னோட்டம் வருடத்துக்கு ஒரு சுற்று மரையைத் தின்றுவிடும். நல்ல பிடிப்புக்குத் தேவையே மூன்று நான்கு சுற்றுதான். இது தோராயக் கணக்கு. ஆனால் நான் பார்த்த இரண்டு சுற்றுத் தேய்மானம் ஏன் ஆச்சரியமில்லை என்று புரிய இது போதும்.

சரி செய்த முறை

வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் கை வேகும் அல்லது எலிமென்ட் எரியும்.

1. கேஸை அணைக்கவும். மின்சார எலிமென்ட்டின் சுவிட்சையும் பிரேக்கரையும் அணைக்கவும். தண்ணீர் இல்லாத தொட்டியில் எலிமென்ட் ஓடினால் கொஞ்ச நேரத்தில் எரிந்து போகும். பிரேக்கர் மேல் ஒரு டேப் ஒட்டி வையுங்கள், வீட்டில் யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள்.

2. ஆற விடவும். 60 டிகிரி தண்ணீர் சில வினாடியில் தோலைப் பொசுக்கிவிடும். நான் ஒரு ராத்திரி முழுக்க விட்டேன்.

3. பம்பை அணைத்து, வெளித் தண்ணீர் ஹோஸைக் கழற்றி, ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கவும். இதைச் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் அது முகத்தை நோக்கி வரும்.

4. பிளக்கை எடுத்து, சேஃப்டி வால்வைத் திறந்தால் காற்று உள்ளே போய்த் தண்ணீர் வேகமாக வடியும். பிறகு மெல்லிய குழலை உள்ளே விட்டுப் பீய்ச்சி, துகள் வருவது நிற்கும் வரை கழுவவும். மிச்சிகன் நிலத்தடி நீர் கடினத் தண்ணீர். எனக்கு ஒரு கைப்பிடி வந்தது.

5. மரையை நைலான் பிரஷால் சுத்தம் செய்யவும். நான் அரை அங்குல என்.பி.டி. டேப்பைக் கையால் மெதுவாக ஓட்டி மாவை எடுத்தேன். இங்கே டேப் என்பது மரை வெட்டும் கருவி. இந்த மரை கூம்பு வடிவம், 16-க்கு 1 சரிவு. கருவியை ஆழமாக ஓட்டினால் துளை பெரிதாகிவிடும், பிறகு எந்தப் பிளக்கும் நிற்காது. ஏற்கெனவே இருக்கும் மரையில் சும்மா ஓடினால் போதும், புதிதாக வெட்டக் கூடாது.

6. புது நைலான் பிளக்கில் டெஃப்ளான் டேப் மூன்று சுற்று, பிளக் திருகும் திசையிலேயே. எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது பிரிந்துவிடும். முதல் சில சுற்று கையால் மட்டும். கோணலாக ஏறினால் நைலான் மரை போய்விடும், ஆனால் தொட்டி மரைக்கு ஒன்றும் ஆகாது. அதுவும் நைலானின் ஒரு நல்ல குணம். கை இறுக்கத்துக்கு மேல் ரின்ச்சில் கொஞ்சம். அவ்வளவுதான்.

7. சுடுதண்ணீர்க் குழாயில் காற்று இல்லாமல் சீராகத் தண்ணீர் வரும் வரை நிரப்பவும். அதற்குப் பிறகுதான் கேஸோ மின்சாரமோ.

என் தொட்டியில் வெளிச் சுற்றுகள் தேய்ந்திருந்தாலும் உள்ளே போதிய மரை மிச்சம் இருந்தது, பிளக் ஆழமாகப் போய்ப் பிடித்தது. பம்பில் ஒரு மணி நேரம், பிறகு ரெகுலேட்டர் வைத்து வெளித் தண்ணீரில், பிறகு சுட வைத்து ஒரு ராத்திரி. மூன்றிலும் டிஷ்யூ உலர்ந்தே இருந்தது. இன்னும் இரண்டு சுற்று போயிருந்தால் தொட்டியையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். நைலான் சூட்டில் இளகித் தேயும், அதனால் ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் பிளக்கைப் பார்த்து, சந்தேகமாக இருந்தால் புதுசு போட்டுவிடுங்கள். வண்டியில் இரண்டு உபரி வைத்திருப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. ஊரிலிருந்து வரும்போது "அரை அங்குல டம்மிதானே" என்று வாங்கி வந்துவிடாதீர்கள். இந்தியாவில் புழங்குவது பிரிட்டிஷ் மரை, பி.எஸ்.பி. அதிலும் அரை அங்குலத்துக்கு அதே 14 சுற்றுதான். அதனால் சில சுற்று ஏறும், சரியாகப் பொருந்துவது போலவே தோன்றும். ஆனால் அதன் மரைக் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரைக்கு 60. எவ்வளவு டேப் சுற்றினாலும் ஒழுகும், இறுக்கினால் தொட்டி மரை கெடும்.

இரும்புத் தொட்டி என்றால்

அங்கே நிலைமை தலைகீழ். பிளக்கோடு வரும் மெக்னீசியம் குச்சி வேண்டுமென்றே வைத்த பலி. எனாமலில் எங்கே விரிசல் இருந்தாலும் இரும்புக்குப் பதில் அது கரையும். அதைக் கழற்றிவிட்டு வெறும் பித்தளை வால்வு மாட்டினால் தொட்டிக்குக் காவல் போய்விடும். முக்கால்வாசி கரைந்ததும் குச்சியை மாற்ற வேண்டும். கழற்ற 1 1/16 அங்குல சாக்கெட் வேண்டும்.

"டெஃப்ளான் டேப் சுற்றினால் குச்சிக்கும் தொட்டிக்கும் மின் தொடர்பு அறுந்துவிடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. இங்கே அந்தத் தொடர்பு தேவை. இறுக்கும்போது மரையின் முனைகள் டேப்பை வெட்டிக்கொண்டு உலோகத்தைத் தொட்டுவிடும். சந்தேகம் இருந்தால் தண்ணீர் நிரப்பும் முன் குச்சியின் தலைக்கும் தொட்டிக்கும் நடுவில் மல்டிமீட்டரை வையுங்கள். ஓம் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும்.

அலுமினியத் தொட்டிக்கும் இப்படி ஒரு குச்சி போடலாமே என்று தோன்றும். தேவையில்லை. அந்த வகைத் தொட்டிகளில், உள்பக்கம் ஒரு சதவீதம் போல் துத்தநாகம் கலந்த 7072 என்ற அலுமினியத்தை ஒரு படலமாகச் சேர்த்து உருட்டியிருப்பார்கள். பலி கொடுக்க வேண்டியதை உள்ளேயே பூசி வைத்துவிட்டார்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு

நமக்கு மோட்டார்ஹோம் எதற்கு என்று இதுவரை படித்தவர்களுக்கு ஒரு விஷயம். நாம் வாய் நிறைய ஜி.ஐ. பைப் என்று சொல்கிறோமே, அதில் உள்ள ஜி கால்வனியின் பெயர். துத்தநாகம் பூசிய இரும்பு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது புளிக்கும் பித்தளைக்கும் நடுவில் போடும் திரை மட்டும். தேய்ந்த இடத்தில் களிம்பு ஏறும். துத்தநாகப் பூச்சு அப்படியில்லை. கீறல் விழுந்த இடத்தில்கூடத் தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

உங்கள் குளியலறையில் தொங்கும் ஸ்டோரேஜ் கீசரிலும், தொட்டி இரும்பாக இருந்தால், அதே மெக்னீசியம் குச்சி உள்ளே இருக்கும். சென்னை போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், என் டம்ளரில் சிட்டிகை உப்பு செய்ததை அது தினமும் செய்கிறது. குச்சி சீக்கிரம் கரையும். அது தீர்ந்த பிறகு அடுத்த முறை தொட்டிதான். சர்வீஸுக்கு ஆள் வரும்போது "அனோடு ராடைக் கழற்றிக் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். சுண்டு விரல் தடிமன்கூட இல்லாமல் கம்பி தெரிய ஆரம்பித்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். புது கீசரோடு ஒப்பிட்டால் குச்சியின் விலை ஒன்றுமே இல்லை.